அந்த இரண்டு செமஸ்டர்கள்

பள்ளிக்கூடத்தில் நாம் முதன்முதலாக எழுதப் பழகிய விண்ணப்பம் விடுப்புக் கடிதந்தான். எனக்குக் காய்ச்சல் கண்டிருப்பதால் இன்று ஒரு நாள் மட்டும் விடுமுறை அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அக்காளுக்குக் கல்யாணமானாலும், மாமன் ஊரில் தேர்த் திருவிழாவானாலும், அதே வாசகத்தைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்திருக்கிறோம். உபாத்தியாயரும் அதை முழுக்க வாசிக்காமலே கையெழுத்திட்டு வந்திருக்கிறார். காகிதத்தில் காரணம் என்று ஒன்று இருக்கவேண்டும் என்பது சம்பிரதாயம். அது மெய்யான காரணமாக இருக்கவேண்டும் என்பதை எழுதுகிறவனும் எதிர்பார்ப்பதில்லை, பெறுகிறவரும் எதிர்பார்ப்பதில்லை. சிறு வயதில் கைக்குப் பழகிவிட்ட இந்த நடை, வயது ஏற ஏற, 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்றும் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்றும் கொஞ்சம் கௌரவமான உடை உடுத்திக்கொள்கிறதே ஒழிய, அதன் சுபாவம் மாறுவதில்லை.

இருபத்திரண்டு வயதில் ஓர் இளைஞன் அமெரிக்க சர்வகலாசாலை ஒன்றில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் செய்ய உட்காருகிறான். அவனுடைய எட்டு செமஸ்டர்களில் ஆறு நன்றாக இருந்து, நடுவில் இரண்டு மட்டும் சரிந்து கிடக்கின்றன. அவற்றைப் பற்றி ஏதாவது சொல்லியாகவேண்டும் என்று யாரோ அவனை எச்சரித்திருக்கிறார்கள். உடனே அவன் கை தானாக எழுதும் வாக்கியம் அந்தப் பழைய விடுப்புக் கடித வாக்கியந்தான். பொறியியல் கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் சொல்லி, ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வந்து தங்கிய பிறகும் என்னிடம் இப்படிப்பட்ட கடிதங்களைத் திருத்தித் தரச் சொல்லிப் பிள்ளைகள் வந்துகொண்டிருப்பதால், இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை அடித்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. அடித்துவிட்டு அந்த இடத்தில் என்ன எழுதச் சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதை, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர்களும் தெரிந்துகொள்ளும்படி விளக்கிச் சொல்ல வேண்டும் என்று வெகு நாளாக எனக்கு ஆசை.

முதலில் நம் ஊர் அரியர் என்பதைச் சற்றுப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் படித்த பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் அது அரியராக நிற்கும். அடுத்த நவம்பர்-டிசம்பரிலோ ஏப்ரல்-மேயிலோ மறுபடி எழுதித் தேறினால் அழியும். அழிந்துவிட்டது என்று பையனும் வீட்டாரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் தேறிய மாதமும் வருஷமும் மதிப்பெண் பட்டியலில் நிற்கின்றன; மூன்றாவது செமஸ்டரில் படித்த கணிதப் பாடம் ஆறாவது செமஸ்டர் முடிவில்தான் தேறியது என்பதை, தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த எவரும் ஒரு நிமிஷத்தில் கண்டுகொள்வார். சில சர்வகலாசாலைகள் எத்தனை அரியர் இருந்தது என்று கல்லூரியின் சான்றிதழையே கேட்கின்றன. வளாக வேலைவாய்ப்புக்கு வரும் கம்பெனிகள் 'ஸ்டாண்டிங் அரியர்' என்றும் 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' என்றும் இரண்டு வகையாகப் பிரித்து விசாரிப்பதை நம் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். கடல் கடந்தும் அந்த வரலாறு கூடவே வருகிறது என்பதைத்தான் பலர் அறிவதில்லை. ஆகவே இதை மறைக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. மறைத்துச் சேர்ந்து, பின்னால் மூலச் சான்றிதழ் வந்து சேரும்போது அகப்பட்டுக்கொண்டால், கிடைத்த இடமும் பறிபோகும்.

எதிர்ப் பக்கத்தில் இருப்பவர் யார் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. அங்கே மேற்படிப்புச் சேர்க்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தத் துறையின் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்த குழு. டிசம்பரிலும் ஜனவரியிலும் விண்ணப்பங்கள் குவியும். தம்முடைய பாடம், ஆராய்ச்சி, தம்மிடம் இருக்கும் மாணவர்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவே அவர்கள் இந்தக் கோப்புகளை வாசித்தாக வேண்டும். ஜூலி பாசெல்ட் என்னும் அறிஞர், பெயர் பெற்ற பத்து முனைவர் பட்டத் துறைகளின் சேர்க்கைக் குழுக்களோடு கூட இருந்து கவனித்து 2016-ல் ஒரு நூல் வெளியிட்டார். முதல் சல்லடையில் பேராசிரியர்கள் மதிப்பெண் சராசரியையும் ஜி.ஆர்.இ. என்னும் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையும், மாணவன் படித்த கல்லூரியின் பெயரையும் எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்பதை அதில் விரிவாகக் காட்டியிருக்கிறார். 2020-க்குப் பிறகு பல துறைகள் அந்தத் தேர்வைக் கைவிட்டுவிட்டபடியால், அதன் பாரத்தையும் சேர்த்து மதிப்பெண் பட்டியலே சுமக்க வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியலின் நடுவில் ஒரு பள்ளத்தைக் காணும் பேராசிரியருக்கு எழும் சந்தேகம் மிகவும் எளிமையானது: இது இங்கேயும் நேருமா? பையன் நல்லவனா, துன்பப்பட்டவனா, அநியாயத்துக்கு ஆளானவனா என்றெல்லாம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் உத்தேசம் அவருக்கு இல்லை. தம் ஆராய்ச்சிச் சாலையில் இரண்டு வருஷமோ ஐந்து வருஷமோ இருக்கப்போகிற ஒருவன் நடுவில் நின்றுவிடுவானா என்பதே அவர் கவலை. அந்த ஒரு கேள்விக்கு விடை தருகிற எதுவும் விளக்கத்தில் இருக்கலாம். தராத எதுவும், எவ்வளவு உருக்கமானதாக இருந்தாலும், அங்கே இருக்க அவசியமில்லை.

எங்கே இந்த விளக்கம் எடுபடும், எங்கே எடுபடாது என்பதிலும் தேசத்துக்குத் தேசம் பேதம் உண்டு. அமெரிக்காவில் நாலு புள்ளி அளவில் 3.0 என்பது அநேக சர்வகலாசாலைகளின் குறைந்தபட்ச எல்லை; ஆனால் விஸ்கான்சின் மாடிசன் போன்ற இடங்களில் அந்த 3.0 கடைசி அறுபது செமஸ்டர் மணிகளுக்கே, அதாவது ஏறக்குறைய கடைசி இரண்டு வருஷப் படிப்புக்கே, கணக்கிடப்படுகிறது. எல்லைக்குச் சற்றுக் கீழே இருப்பவனையும், துறை விரும்பிச் சிபாரிசு செய்தால், நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆகையால் மனிதர் வாசிக்கிறார், மனிதரே தீர்மானிக்கிறார். எழுதும் நாலு வரிக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. ஜெர்மனியிலோ நம் பத்துப் புள்ளியை அவர்களுடைய அளவுக்கு மாற்ற 'பவேரியச் சூத்திரம்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5 என்று வைத்துக்கொண்டால், நம் 7.5 அங்கே 2.5 ஆகும், நம் 7 அங்கே 2.8 ஆகும்; அங்கே எண் சிறிதானால்தான் சிறப்பு. ஒரு படிப்புக்கு 2.5 எல்லை என்று விதித்திருந்தால், தந்தை இறந்ததும் தெரியாது, காய்ச்சல் கண்டதும் தெரியாது. சூத்திரத்துக்குக் காது கிடையாது. அப்படிப்பட்ட இடங்களுக்குப் பணம் கட்டி விண்ணப்பித்து மனம் நோவதைக் காட்டிலும், எல்லை விதிக்காத படிப்பைத் தேடுவதே விவேகம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

இனி, எழுதும் முறை. இரண்டு பக்கக் கடிதத்தில் இந்த விளக்கம் நாலு வாக்கியத்துக்கு மேல் போகலாகாது என்பது என் அபிப்பிராயம். அதையும் கடிதத்தின் தொடக்கத்தில் வைக்கக் கூடாது. முதல் பத்தியிலேயே 'என் மதிப்பெண்கள் குறைந்திருப்பதை மன்னிக்க வேண்டும்' என்று கைகட்டி நிற்பவன், தன்னை வாசிப்பவர் கண்முன் பள்ளத்தை வைத்துவிட்டுப் பிறகு மலையைக் காட்டப் பார்க்கிறான். தான் என்ன செய்திருக்கிறான், இனி எதைச் செய்ய விரும்புகிறான், அதற்கு இந்தத் துறையை ஏன் நாடுகிறான் என்பதெல்லாம் வந்த பிறகு, பின்பகுதியில், படிப்பின் வரலாற்றைச் சொல்கிற இடத்தில் இயல்பாக வரட்டும். விண்ணப்பத்திலேயே 'கூடுதல் விவரம்' என்று தனியிடம் ஒதுக்கியிருந்தால் இன்னும் விசேஷம். பெர்க்லியைப் போல நோக்கத்தைச் சொல்லும் கட்டுரை வேறு, வாழ்க்கைப் பின்னணியைச் சொல்லும் கட்டுரை வேறு என்று இரண்டு கேட்கும் இடங்களில் இரண்டாவதில் அது நிம்மதியாக அமர்ந்துகொள்ளும்.

அந்த நாலு வாக்கியத்தில் என்ன இருக்கவேண்டும்? எப்பொழுது என்பதற்கு செமஸ்டரோ, மாதமும் வருஷமுமோ. என்ன என்பதற்கு ஒரே ஒரு மெய்யான காரணம். பிறகு அது எப்படித் தீர்ந்தது. தீர்ந்தபின் என்ன நடந்தது என்பதற்கு மதிப்பெண் பட்டியலிலேயே உள்ள சான்று. 'என் மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் தந்தை படுக்கையில் இருந்ததால் வாரத்தில் நாலு நாள் கடையை நான் பார்த்தேன். அந்த வருஷம் மூன்று பாடங்களில் தவறினேன். அடுத்த ஆண்டு அண்ணன் ஊர் திரும்பிக் கடையை ஏற்றுக்கொண்டார். ஐந்தாவது செமஸ்டரிலிருந்து என் சராசரி 8.4, தவறிய மூன்று பாடங்களையும் அதே ஆண்டில் தேறினேன்.' இவ்வளவுதான். இதில் அழுகை இல்லை; ஆனால் வாசிப்பவர் நெஞ்சில் படவேண்டியது பட்டுவிடும். இதில் 'அடுத்த ஆண்டு அண்ணன் ஊர் திரும்பினார்' என்ற வாக்கியத்தை வெட்டிவிடலாமே என்று பிள்ளைகள் கேட்பது உண்டு. அதை வெட்டினால் மற்ற மூன்றும் வீண். ஏனென்றால், இங்கேயும் நேருமா என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொந்தமான காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல அவர்கள் காட்டும் கூச்சம் எனக்கு எப்பொழுதும் வேதனை தருவது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பௌதிகமும் ரசாயனமும் கணிதமும் படித்து, நல்ல மதிப்பெண் வாங்கி, கல்லூரிக்கு வந்த முதல் நாளே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் ஓடுவதைக் கண்டு திகைத்து, கேள்வியின் அர்த்தமே பிடிபடாமல் முதல் இரண்டு செமஸ்டர்களில் விழுந்து, மூன்றாவதில் எழுந்து, ஆறாவதில் வகுப்புக்கே முதல்வனாக நிற்கும் பிள்ளைகளை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். விசை என்றும் திருப்புத்திறன் என்றும் தெளிவாக அறிந்திருந்த பையன், 'டார்க்' என்ற சொல்லைக் கேட்டு ஒரு வாரம் விழித்தான். அது தனக்குத் தெரிந்த பழைய நண்பன்தான் என்று அறிந்த அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் நடத்துகிறார்கள். 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டின் மூலமாகவும், மற்றபடியும் வந்து ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகள், முதல் வருஷப் பள்ளத்துக்குக் 'குடும்பச் சூழ்நிலை' என்று ஏன் பொய்க் காரணம் எழுதவேண்டும்? தமிழ்வழியில் படித்தேன், ஆங்கிலத்துக்கு மாற எனக்கு ஒரு வருஷம் பிடித்தது, அதன்பின் என் மதிப்பெண்களைப் பாருங்கள் என்று நிமிர்ந்து எழுதலாம். வேறு பாஷையில் படிப்பைத் தொடங்கி மேலே வந்தவர்கள் அந்தக் குழுக்களிலேயே இருக்கிறார்கள்; அவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

ஊருக்கே பொதுவாக வந்த கஷ்டத்தை அவ்வளவு நீட்ட வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பரீட்சைகள் தள்ளிப்போனதையும், 2020-ல் கொரோனாவால் கல்லூரிகள் மூடியபோது அரியர் பரீட்சை ரத்து என்று அரசு அறிவித்து அது நீதிமன்றம்வரை போனதையும் தூரதேசத்துப் பேராசிரியர் அறிந்திருக்க நியாயமில்லை. தேதிகள் குழம்பியிருந்தால் ஒரு வரி எழுதினால் சரி.

உடல் நோய்க்கும் மன நோய்க்கும் வருகிறேன். உடம்புக்கு வந்ததை, பெயர் சொல்லாவிட்டாலும், சிகிச்சை பெற்றுக் குணமானேன் என்று எழுதலாம். மனச்சோர்வால் ஒரு வருஷம் முடங்கிப்போன பிள்ளைக்கு நான் தயங்கித் தயங்கித்தான் யோசனை சொல்வேன். டிரூ ஆப்பிள்பியும் கேரன் ஆப்பிள்பியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. உளவியல் துறைகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், நல்ல விண்ணப்பத்தையும் கெடுத்துவிடும் பிழைகள் எவை என்று அவர்கள் விசாரித்தார்கள். தன் மனநோயைப் பற்றி விரிவாக எழுதிக்கொள்வதும் அந்தப் பிழைகளில் ஒன்றாக வந்தது. மனத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. இது நியாயமென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனாலும், வாசலில் நிற்கும் பிள்ளை உள்ளே போக வேண்டும். ஆகவே 'மருத்துவக் காரணம், சிகிச்சை பெற்றேன், முழுப் பாடச் சுமையோடு திரும்பிப் படித்தேன்' என்ற அளவில் நிறுத்து என்றே சொல்லி வந்திருக்கிறேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. தன்னுடையதைத் தனக்கென வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் உண்டு.

இன்னொருவர் வாயால் வருவதற்குப் பலம் அதிகம். அமெரிக்க விண்ணப்பங்களுக்குப் பொதுவாக மூன்று சிபாரிசுக் கடிதங்கள் கேட்பார்கள். அவற்றைத் தான் பார்க்கும் உரிமையை மாணவன் விட்டுக்கொடுப்பதே வழக்கம். அந்த மூவரில் ஒருவர், இந்தப் பையன் அந்த வருஷம் பட்ட பாட்டை நான் நேரில் கண்டேன், அதற்குப் பிறகு என்னிடம் செய்த பிராஜக்டையும் கண்டேன் என்று எழுதிவிட்டால், பையன் தன் கடிதத்தில் இரண்டு வாக்கியத்தோடு ஒதுங்கிவிடலாம். நம் கல்லூரிகளில் சிபாரிசுக் கடிதத்தைப் பையனையே எழுதிவரச் சொல்லிக் கையெழுத்து மட்டும் போட்டுத் தரும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சக ஆசிரியர்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், இந்த ஒரு கடிதத்தையாவது நாமே எழுதித் தருவோம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாகவேண்டும். சில பிள்ளைகளுக்குக் காரணமே கிடையாது. விடுதிக்கு வந்த புதிதில் கட்டுப்பாடு இல்லாமல் சுற்றினான், படிக்கவில்லை, தவறினான், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் பாட்டியின் நோயைக் கடன் வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால், எனக்குக் கோபத்தை முந்திக்கொண்டு இரக்கமே வரும். 'பதினெட்டு வயதில் எனக்குப் படிக்கும் ஒழுங்கு தெரியவில்லை. இருபதில் கற்றுக்கொண்டேன்' என்று எழுதிய ஒரு பையனுடைய கடிதம், என் அநுபவத்தில், நான் வாசித்தவற்றில் மிக நேர்த்தியானது. அப்படி எழுதத் துணிவு வராவிட்டால் எதுவும் எழுதாமல் விட்டுவிடுவது உத்தமம். முதல் வருஷத்தில் ஒரே ஒரு பாடம் சறுக்கியிருந்தால், அதைச் சுட்டிக்காட்டாமல் இருப்பதே மேல்.

நான் தங்கியிருக்கும் இதே கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவிலிருந்து காவேரிக் கரைக் கல்லூரிக்கு நடந்து போன இராமாநுஜனை இந்தச் சந்தர்ப்பத்தில் நினையாமல் இருக்க முடிவதில்லை. கணிதம் ஒன்றையே கருதி மற்றப் பாடங்களை விட்டதால் கும்பகோணத்தில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1906-லும் 1907-லும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1913 ஜனவரி 16 அன்று அவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை ஒரு விண்ணப்பமாக எண்ணிப் பாருங்கள். துறைமுக ஆபீசில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளத்தில் குமாஸ்தா என்று தொடங்குகிறார். சர்வகலாசாலைப் படிப்பு தமக்கு இல்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். ஏன் இல்லை என்று சொல்லவே இல்லை. அடுத்த வரியிலிருந்து கணிதம், பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். அதே வருஷம் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. நம் பிள்ளைகளிடம் அவ்வளவு தேற்றங்கள் இல்லை. ஆகையால் ஏன் என்பதையும் அவர்கள் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தில் இல்லாமைக்கு எவ்வளவு இடம், இருப்பதற்கு எவ்வளவு இடம் என்ற அளவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

போன கார்த்திகையில் ஒரு பையன் வந்தான். மெக்கானிக்கல் படித்தவன், மூன்றாவது செமஸ்டரில் தகப்பனார் காலமாகி, அந்த வருஷம் ஐந்து அரியர். கொண்டுவந்த கடிதத்தில் முக்கால் பங்கு அந்தத் துக்கமே நிறைந்திருந்தது. மருத்துவமனை, கடன்காரர், தாயார், தங்கையின் படிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருந்தான், எல்லாம் மெய், வாசித்து முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. "இதை எடுத்துவிடச் சொல்லுவீங்களா, சார்?" என்று கேட்டான். "எடுக்க வேண்டாம், தம்பி. நாலு வரியாக்கு. அப்பா எப்போது போனார், நீ என்ன செய்தாய், எப்போது திரும்பினாய், அதற்கப்புறம் என்ன" என்றேன். திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் எழுதினான்; அடித்தான்; மறுபடி எழுதினான். நாலு வரி ஆயிற்று. காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுமே பார்த்துக்கொண்டிருந்தான். கடிதத்தில் பாதிப் பக்கத்துக்கு மேல் இப்பொழுது காலியாக இருந்தது. "இதில் என்ன சார் எழுதுவது?" என்றான். கடைசி வருஷ பிராஜக்ட் என்ன என்று கேட்டேன். அவன் ஊரில் போர்வெல் மோட்டார்கள் அடிக்கடி எரிந்துபோவதைப் பற்றித் தொடங்கினான். மின்னழுத்தம் குறையும்போது சுருள் எப்படிச் சூடேறுகிறது, அதை முன்கூட்டியே அறியத் தானும் ஒரு நண்பனும் என்ன கருவி செய்தார்கள், அது ஏன் முதல் மூன்று தடவை தோற்றது என்று சொல்லிக்கொண்டே போனான். விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போயிற்று. அவன் நாலாவது தடவைக்கு வந்திருந்தான்.